வருடத்தில் மூன்று முறை இழுப்பதற்கு

1

விதி இப்படிச் சொல்கிறது: வாகனத்துக்குப் பின்னால் கொழுவி இழுக்கும் ட்ரெயிலரின் மொத்தப் பாரத்தில் நூற்றுக்குப் பத்து வீதத்துக்குக் குறையாமலும் பதினைந்து வீதத்துக்கு மேற்படாமலும் வாகனத்தின் கொழுக்கியின் மேல் இறங்க வேண்டும். அதற்காக, ஏற்றும் சாமானில் பாதிக்கு மேல் ட்ரெயிலரின் முன்பாதியில், அச்சுக்கு முன்னால் இருக்க வேண்டும்.

இது வாகனத்தோடு தரும் கைநூலில் உள்ளது. ஒன்ராறியோ மாகாணத்தின் சட்டம் வேறு. ஆயிரத்து முந்நூற்று அறுபது கிலோவும் அதற்கு மேலும் எடையுள்ள ட்ரெயிலருக்குத் தனி பிரேக் வேண்டும் என்றும், ஒன்று கழன்றாலும் மற்றது பிடித்துக்கொள்ளும்படி இரண்டு விதமாகப் பிணைத்திருக்க வேண்டும் என்றும் அது சொல்கிறது. சட்டத்தை நாங்கள் எழுத்துக்கு எழுத்துக் கடைப்பிடித்தோம். கைநூலின் விதியை ஒரு சாமிப் படம் தோற்கடித்துவிட்டது.

இந்த விடயத்தில் பேச எனக்குக் கொஞ்சம் உரித்து உண்டு. யாழ்ப்பாணக் கச்சேரியில் மோட்டார் வாகனப் பகுதியில் லிகிதராக இருந்தேன். ரொறன்ரோவுக்கு வந்து, சென் ஜேம்ஸ் ரவுணில் ஒரே அறையில் ஐந்து பேராகக் கிடந்து எழும்பி, கடைசியில் வாகன அனுமதிப்பத்திரம் கொடுக்கும் கருமபீடம் ஒன்றுக்குப் பின்னால் போய் உட்கார்ந்து ஓய்வு பெற்றேன். இரண்டு நாடுகளிலும் சனத்தைத் திருப்பி அனுப்பிய அனுபவம் எனக்கு உண்டு. திருப்பி அனுப்பும்போது எந்தப் பிரிவின் கீழ் என்று சொல்லித்தான் அனுப்புவேன். அது எனக்கு மரியாதையாகப் பட்டது. அவர்களுக்கு எப்படிப் பட்டதோ தெரியாது.

போன கிழமை மகன் கௌதமன் பிறம்ரனில் இருந்து போன் எடுத்தான். அவன் லொறிக் கம்பனி ஒன்றில் டிஸ்பாச்சர். எந்த லொறி எந்தச் சாமானோடு எங்கே நிற்கிறது என்பதை நாள் முழுக்கப் போனில் கேட்டுக்கொண்டிருப்பது அவன் தொழில். மாதம் ஒரு முறை எங்களுக்கும் எடுப்பான்.

"அப்பா, ட்ரக்கை மாத்தப் போறன். புது மொடலிலை ஒரு குமிழ் இருக்கு. ரிவேர்ஸ் எடுக்கேக்கை ஸ்ரியறிங்கைத் தொடத் தேவையில்லை. குமிழைத் திருப்பினா ட்ரெயிலர் அந்தப் பக்கம் திரும்பும்."

"வருசத்திலை எத்தினை தரம் இழுக்கிறாய்?"

"மூண்டு. சில வருசம் நாலு."

"நாலு தரத்துக்கு ஒரு குமிழோ?"

"போன தரமும் நீங்கள் இதைத்தான் சொன்னனீங்கள்."

அவன் சொன்ன போன தரம் 2009ஆம் ஆண்டு. ஊரில் இதை வாசிப்பவர்களுக்கு அந்த ஆண்டைப் பற்றி நான் விளக்க வேண்டியதில்லை. ட்ரெயிலரைப் பற்றித்தான் விளக்க வேண்டும். போனை வைத்த பிறகு இரண்டும் சேர்ந்தே நினைவுக்கு வந்தன. ஆகவே இரண்டையும் சேர்த்தே எழுதுகிறேன்.

2

அந்த ஆண்டு பனி முழுதாகக் கரைவதற்கு முன்பே கௌதமன் புத்தம் புது பிக்கப் ஒன்றைக் கொண்டுவந்து எங்கள் வாசலில் நிறுத்தினான். முன்னால் கார் போல ஐந்து பேர் இருக்கலாம். பின்னால் திறந்த பெட்டி. அதற்கும் பின்னால் ட்ரெயிலர் கொழுவ இரும்புக் கொழுக்கி. கதவைத் திறந்துவைத்து ஒவ்வொன்றாகக் காட்டினான். ட்ரெயிலரின் பிரேக்கை உள்ளேயிருந்து தனியாகப் பிடிக்க ஒரு சிறு நெம்பு. பின்னால் போகும்போது கொழுக்கி தெரிய ஒரு கமரா. பாரம் இழுக்கும்போது கியர் அவசரப்பட்டு மாறாமல் இருக்க ஒரு பொத்தான். ட்ரெயிலர் பாம்பு மாதிரி நெளியத் தொடங்கினால் வாகனம் தானே கண்டுபிடித்துத் தானே அடக்கும் ஓர் ஏற்பாடு. அதற்கு சுவே கொன்ரோல் என்று பெயர்.

"இவ்வளவும் எதை இழுக்க?" என்று கேட்டேன்.

"உங்கட சங்கத்து ட்ரெயிலரை. இழுக்க ஆளில்லை, ஆளில்லை எண்டு நீங்கள்தானே மூண்டு வருசமாச் சொல்லிக்கொண்டிருக்கிறியள்."

எங்கள் பழைய மாணவர் சங்கத்துக்கு ஒரு மூடிய ட்ரெயிலர் இருக்கிறது. கோடைகால ஒன்றுகூடலுக்குக் கிடாரம், காஸ் அடுப்பு, கூடாரம் கொண்டுபோகவும், விளையாட்டுப் போட்டிக்கும், கலைவிழாவுக்கும் என்று வருடத்தில் மூன்று முறை அது வெளியே வரும். மிச்ச நாட்களில் ஒருவர் வீட்டுப் பின்வளவில் நிற்கும். அந்த ஒருவர் யார் என்பதில்தான் வருடாந்தப் பொதுக்கூட்டத்தின் பெரும்பகுதி கழியும்.

மனைவி பவளம் வெளியே வந்து பார்த்தாள். உள்ளே தொலைக்காட்சியில் வன்னிச் செய்தி ஓடிக்கொண்டிருந்தது. "அங்கை சனம் சாகுது. இவர் இஞ்சை லொறி வாங்கிறார்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். கௌதமன் கமராக் கண்ணாடியில் இருந்த சேற்றை விரலால் துடைத்தான். தேநீர் குடிக்காமல் போய்விட்டான்.

அவள் கோபம் அவன்மேல் அல்ல. என் தம்பி தயாபரன் வன்னியில் இருந்தான். கிளிநொச்சிக்கு அப்பால் தென்னங்காணி, ஒரு சிவப்பு உழவு இயந்திரம், அதன் பெட்டி, மனைவி தேவி, ஏழு வயது மகள், தேவியின் தாய். தை மாதம் எங்கிருந்தோ ஒரு போனைப் பிடித்து எடுத்தான்.

"அண்ணை, வீட்டைக் கழட்டி ஏத்தியிட்டன். கூரைத் தகரம், கதவு ரெண்டு, யன்னல் நிலை, நெல்லு. எல்லாத்துக்கும் மேலை மாமியைக் கதிரையோடை வைச்சுக் கட்டியிருக்கிறன். மகாராணி மாதிரி இருக்கிறா. கீழை நிக்கிற எங்களைத்தான் ஏசிக்கொண்டிருக்கிறா."

"எங்கை போறாய்?"

"எல்லாரும் போற பக்கம்."

அதற்குப் பிறகு போன் இல்லை.

சித்திரையில், காணாமற்போனவர்களைத் தேடித் தரும் தொண்டு நிறுவனம் ஒன்றின் கந்தோருக்கு நகர மையத்துக்குப் போனேன். அந்தக் கிழமைகளில் எங்கள் சனம் பதாகைகளோடு வீதியில் நின்றது. அவர்களைக் கடந்துதான் போனேன். உள்ளே இருந்த பெண் இளம் வயது. மிகவும் பணிவு. விண்ணப்பத்தில் 'கடைசியாக அறியப்பட்ட முகவரி' என்ற இடத்தில் நான் எழுதியிருந்ததை இரண்டு முறை வாசித்தாள்.

"சேர், இது ஒரு வாகனம் என்று எழுதியிருக்கிறீர்கள்."

"ஓம். உழவு இயந்திரத்தின் பெட்டி. இலக்கத் தகட்டையும் எழுதியிருக்கிறேன்."

"வீதிப் பெயர் ஏதாவது?"

"அந்த வீதிக்கு இப்போது பெயர் இருக்குமோ தெரியாது."

அவள் பேனையைக் கீழே வைத்தாள். அதை அப்படியே பதிந்துகொள்வதாகச் சொன்னாள். ஒரு கோப்பு இலக்கம் தந்தாள். தகவல் கிடைத்ததும் எழுதுவோம், அதுவரை அதே விண்ணப்பத்தை வேறு கிளைகளுக்கு அனுப்ப வேண்டாம், குழப்பம் வரும் என்றாள். கருமபீடத்துக்கு அந்தப் பக்கத்தில் இருந்து இதே வசனத்தை ஆயிரம் பேருக்குச் சொன்னவன் நான். அது சரியான வசனம். சரியான வசனத்தை நம்பி வீட்டுக்கு வந்தேன்.

வைகாசியில் போர் முடிந்துவிட்டது என்றார்கள். ஆனியிலும் பதில் வரவில்லை.

3

வேலியடைத்த முகாம்களில் சனம் இருக்கிறது, உடுக்கத் துணி இல்லை என்று செய்தி வந்ததும் ஸ்காபரோவில் ஒரு மண்டபத்தில் சாமான் சேர்த்தார்கள். பால்மா, சோப்பு, போர்வை, பழைய உடுப்பு, பிள்ளைகளின் செருப்பு. இதை மிசிசாகாவில் கப்பல் முகவர் ஒருவரின் களஞ்சியத்துக்குக் கொண்டுபோக வேண்டும். சங்கத்து ட்ரெயிலரைக் கேட்டார்கள். ட்ரெயிலரைச் சங்க வேலை தவிர்ந்த எதற்கும் கொடுக்கச் சங்கத்து யாப்பு விதிகளில் இடமில்லை. அவசர நிலையில் செயற்குழு தீர்மானிக்கலாம் என்ற உபபிரிவை நான்தான் எடுத்துக் காட்டினேன். கௌதமன் சனிக்கிழமை காலையில் பிக்கப்போடு வந்தான்.

பொதி கட்டும் பொறுப்பு கமலாவிடம். ஊரில் ஆசிரியை, இங்கே எல்லா இளையவர்களுக்கும் கமலா அன்ரி. அவரைக் கேட்காமல் அந்த மண்டபத்தில் ஒரு பெட்டிகூட அசையாது. நாங்கள் போன நேரம் ட்ரெயிலருக்குள் முன்பக்கம் கழுவித் துடைத்து, புது வெள்ளைத் துணி விரித்து, அதன்மேல் மாலை போட்ட பிள்ளையார் படம் ஒன்றைச் சாய்த்து வைத்திருந்தார்கள். பக்கத்தில் ஒரு தேங்காய், கொஞ்சம் பூ. காலையில் எல்லோரும் நின்று தேவாரம் பாடியிருந்தார்கள்.

"படமும் கப்பலிலை போகுதோ?" என்று கேட்டேன்.

"இல்லை அண்ணை. மிசிசாகா மட்டும் போய்த் திரும்பி வரும். சாமானுக்குத் துணை."

"நல்லது. அப்ப படத்தைப் பின்னுக்கு வைச்சிட்டுப் பால்மாவை முன்னுக்கு ஏத்துவம். பாரம் முன்னுக்கு இருக்கவேணும்."

கமலா என்னைப் பார்த்த பார்வை, ஐந்தாம் வகுப்பில் வாய்ப்பாடு பிழைத்தவனைப் பார்ப்பது.

"பிள்ளையாரைக் கதவடியிலை வைக்கிறதோ? முன்னுக்குச் செருப்பும் சோப்பும், பின்னுக்குச் சாமியோ?"

"சரி, சாமி அங்கேயே இருக்கட்டும். அவருக்குப் பக்கத்திலை அடுக்குவம்."

"ஆர் உடுத்ததெண்டு தெரியாத உடுப்பண்ணை. அதைக் கொண்டுபோய்ச் சாமிக்குப் பக்கத்திலை வைப்பியளோ?"

பால்மாவில் குற்றமில்லையே என்றேன். பால்மாப் பெட்டிகளுக்குள் இடைவெளி நிரப்பப் பழைய உடுப்பைத்தான் திணித்திருக்கிறார்களாம். தோற்றுப் போனேன். கைநூலின் பக்கத்தை எடுத்து வாசித்துக் காட்டினேன். அந்தப் பக்கத்தில் பிள்ளையாருக்கு விதிவிலக்கு இல்லை என்றேன். பின்னால் நின்ற ஒரு பெண், "இந்தக் கைநூலை எழுதினவனுக்குப் பிள்ளையாரைத் தெரியாது அங்கிள்" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். அந்த மண்டபத்தில் பல கிழமைகளுக்குப் பிறகு கேட்ட சிரிப்பு அது. அதைக் குறுக்கே வெட்ட எனக்கு மனம் வரவில்லை.

கௌதமனும் அவர்கள் பக்கம்தான். "அப்பா, இட்ஸ் ஓகே. கொஞ்சத் தூரம். சுவே கொன்ரோல் இருக்குது."

முன்பாதியில் கடவுள் தனியாக. பின்பாதியில் கூரை முட்டப் பால்மா.

4

நானூற்றொன்றாம் இலக்கப் பெருந்தெருவில் கொஞ்சத் தூரம் சுகமாகப் போனோம். பிறகு ஒரு சிறு இறக்கம். இடப்பக்கத்தால் ஒரு நீண்ட லொறி காற்றை வாரிக்கொண்டு எங்களைக் கடந்தது. முதலில் என் முதுகில் யாரோ மெதுவாகத் தட்டுவது போல இருந்தது. அடுத்தது வலப்பக்கம். அடுத்தது இடப்பக்கம், இன்னும் பலமாக. பக்கக் கண்ணாடியில் ட்ரெயிலர் ஒரு முறை முழுதாகத் தெரிந்தது, பிறகு தெரியவில்லை, பிறகு மற்றக் கண்ணாடியில் தெரிந்தது.

கௌதமன் பிரேக்கில் கால் வைக்கவில்லை. அக்சிலேற்றரில் இருந்து காலை எடுத்தான். ஸ்ரியறிங்கை நேராகப் பிடித்தபடி, ட்ரெயிலர் பிரேக்கின் நெம்பை விரல்களால் அழுத்தினான். அதே நேரம் முன்தட்டில் ஒரு மஞ்சள் விளக்குத் துடித்தது. யாரும் மிதிக்காமலே வாகனம் ஒவ்வொரு சில்லாகத் தன்னைத் தானே பிடிப்பதை இருக்கையில் உணர்ந்தேன். இரண்டு தரம் ஆட்டியது. மூன்றாவது தரம் குறைந்தது. பிறகு ட்ரெயிலர் நல்ல பிள்ளை போலப் பின்னால் வந்தது.

அடுத்த வெளிவாசலால் இறங்கி, ஒரு கோப்பிக் கடையின் பெரிய தரிப்பிடத்தில் நிறுத்தினான். இஞ்சினை நிற்பாட்டிய பிறகும் இரண்டு கையாலும் ஸ்ரியறிங்கைப் பிடித்திருந்தான்.

"அந்த லைற் பத்தினதைப் பாத்தனீங்களே? அது இல்லாட்டி இப்ப நாங்கள் தலைகீழா."

"சாமான் முன்னுக்கு இருந்திருந்தா அது பத்தியே இராது."

"ரெண்டும் உண்மை அப்பா."

"சுவே கொன்ரோல் இருக்குதெண்டு சொல்லித்தானே உப்பிடி ஏத்தினனீ?"

"அதுவும் உண்மை."

இருபத்துநாலு வயதுப் பிள்ளை இரண்டு தரம் உண்மை என்று ஒத்துக்கொண்டால் அதற்கு மேல் ஒரு தகப்பன் என்ன சொல்வது? இறங்கி, பின்கதவைத் திறந்து, எல்லாவற்றையும் நிலத்தில் இறக்கினோம். பிள்ளையாரை எங்கே வைப்பது என்ற கேள்வி வந்தது. கௌதமன் படத்தை மாலையோடு தூக்கிக்கொண்டு போய் பிக்கப்பின் பின் இருக்கையில் நிமிர்த்தி வைத்து, பெல்ற் போட்டுவிட்டான்.

"கமலா அன்ரிக்குச் சொல்லிப்போடாதேங்கோ."

பிறகு அடுக்கத் தொடங்கினோம். நான் உள்ளே நின்றேன். அவன் எடுத்துத் தந்தான். செருப்புப் பெட்டி ஒன்று கிழிந்திருந்தது. அதிலிருந்து ஒரு சிறு சிவப்புச் செருப்பு விழுந்தது. அதை எடுத்துத் திருப்பிப் பார்த்தான்.

"இது சித்தப்பான்ர மகளுக்கும் போகுமோ?"

"போகலாம். உயிரோடை இருந்தா."

அதுவரை அந்த வார்த்தையை நான் வீட்டில் சொன்னதில்லை. பவளமும் சொன்னதில்லை. பதில் வரும் என்றுதான் இருவரும் சொல்லி வந்தோம். கௌதமன் செருப்பை உள்ளே வைத்துப் பெட்டியை ஒட்டினான். ஒட்டி முடித்த இடத்தையே திரும்பத் திரும்பத் தடவினான்.

"சித்தப்பான்ர முழுப்பேர் என்னப்பா?"

எனக்குக் கோபம் வர வேண்டிய இடம். வரவில்லை. அவன் தன் சித்தப்பாவைக் கண்டதே இல்லை. தயா என்ற பெயரைப் போனில் கேட்டிருக்கிறான், அவ்வளவுதான். முழுப்பெயரைச் சொன்னேன். அவன் கைபேசியில் ஆங்கில எழுத்தில் பதிந்தான்.

"அவரைக் கடைசியா ஆர் கண்டது?"

"அதெல்லாம் கந்தோரிலை குடுத்திருக்கு. அவை பதில் போடுவினம். அதுதான் நடைமுறை."

"அப்பா, எங்கட ஒபிஸிலை ஒரு லோட் காணாமல் போனா, பதில் வருமெண்டு பாத்துக்கொண்டிருந்தா என்னை வேலையாலை நிப்பாட்டிப்போடுவாங்கள். கடைசியாக் கண்டவனைப் பிடிப்பம். பிறகு அவனுக்கு முன்னுக்கும் பின்னுக்கும் ஆர் நிண்டவனெண்டு கேட்பம். ட்ரைவரை ஒருத்தருக்கும் ஞாபகம் இராது. வண்டியை ஞாபகம் இருக்கும். சித்தப்பா என்ன வண்டி?"

"சிவப்பு உழவு இயந்திரம். பெட்டிக்கு மேலை ஒரு கிழவி கதிரையிலை."

அவன் நிமிர்ந்து பார்த்தான். "கதிரையிலையோ?"

சொன்னேன். தை மாதத்துப் போனில் தயா சொன்னதை, அந்தத் தரிப்பிடத்தில், பால்மாப் பெட்டிமேல் உட்கார்ந்து, முதல் முறையாக முழுதாக அவனுக்குச் சொன்னேன். இந்த மாகாணத்தில் வீட்டு ட்ரெயிலர் ஓடும்போது உள்ளே ஆள் இருந்தால் குற்றம் என்றும் சொன்னேன். ஏன் அதைச் சொன்னேன் என்று தெரியவில்லை. சட்டம் ஒன்றைச் சொன்னால் குரல் நேராக நிற்கும் என்று நினைத்தேனோ என்னவோ. நிற்கவில்லை. அவன் வந்து எனக்குப் பக்கத்தில் இன்னொரு பெட்டிமேல் உட்கார்ந்தான்.

மிசிசாகாவுக்குப் போகும் வழியில் அந்த விளக்கு மறுபடி எரியவில்லை. சாமான் கப்பலேறியதாகச் சொன்னார்கள். யார் கைக்குப் போனது என்று எனக்குத் தெரியாது.

5

அடுத்த திங்கட்கிழமையில் இருந்து கௌதமன் மதியச் சாப்பாட்டு நேரத்தில் வேலை செய்தான். அதாவது, வேறு வேலை.

கமலா அன்ரியிடம் தொடங்கினான். முகாமில் உறவினர் உள்ளவர்கள் யார் யார் என்று கேட்டான். அவர்களுக்குப் போன் எடுத்தான். அவர்களில் சிலருக்கு முகாமில் இருந்து கள்ளமாகவோ நேராகவோ போன் வந்துகொண்டிருந்தது. எல்லோரிடமும் அவன் கேட்டது ஒரே கேள்வி: ஒரு சிவப்பு உழவு இயந்திரம், மேலே கதிரையில் ஒரு கிழவி, எங்கே கண்டீர்கள்?

அவன் தமிழ் எனக்குத் தெரியும். மார்க்கம் நகரில் ஒரு முதியவரிடம், "உங்கட ஆக்கள் இப்ப எந்த இடத்திலை பார்க் பண்ணி இருக்கினம்?" என்று கேட்டிருக்கிறான். அந்த முதியவர் பிறகு என்னைக் கூட்டமொன்றில் கண்டு, "உம்மட பெடியன் என்ர குடும்பத்தை லொறியெண்டு நினைச்சிட்டான் போலை" என்றார். சொல்லிவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டார். அவருக்கு அப்படி யாரும் போன் எடுத்துக் கேட்டதில்லையாம்.

தயாபரனை ஒருவருக்கும் நினைவில்லை. கிழவியைப் பலருக்கு நினைவிருந்தது. கதிரையில் இருந்து எல்லோரையும் ஏசிக்கொண்டு போனார் என்று ஒருவர். தன் பிள்ளைக்கு மேலேயிருந்து ஒரு துண்டு பனங்கட்டி எறிந்தார் என்று இன்னொருவர். கௌதமன் இரவில் எனக்குப் போன் எடுத்துச் சொல்வான். மாதம் ஒரு முறை எடுத்தவன் நாளுக்கு ஒரு முறை எடுத்தான். "இண்டைக்கு ரெட்பான வரைக்கும் வந்திட்டினம் அப்பா." அடுத்த நாள், "தேவிபுரம்." நான் வரைபடத்தில் விரல் வைத்துக்கொண்டே கேட்பேன். அவன் ஊர்ப் பெயர்களைத் தவறாகத்தான் உச்சரித்தான். நான் திருத்தவில்லை. பவளம் மற்றப் போனைத் தூக்கி மூச்சுவிடாமல் கேட்டுக்கொண்டிருப்பாள்.

ஒரு நாள் அவன் வேலை நேரத்திலேயே போன் எடுத்தான்.

"அப்பா, அந்த அம்மம்மா இல்லை. ஷெல் பட்டதாம். கதிரையோடையே. சித்தப்பாதான் கிடங்கு வெட்டித் தாட்டவர். பக்கத்துப் பங்கரிலை இருந்தவையின்ர மகள் சொன்னவ."

அவன் அழுதான். கண்டிராத ஒரு கிழவிக்காக, பிறம்ரனில் ஒரு களஞ்சியத்தின் பின்கதவடியில் நின்று. என் மகனுக்கு ஊரோடு ஒரு தொடர்பும் இல்லை என்று நான் பலரிடம் சொல்லியிருக்கிறேன். அதற்குப் பிறகு சொல்வதில்லை.

அதே பெண்தான் மற்றதையும் சொன்னாள். தயாவின் மகளுக்குக் காலில் காயம். காயக்காரரை ஏற்றிய கப்பலில் தாயையும் பிள்ளையையும் தகப்பனையும் சேர்த்துத் திருகோணமலைப் பக்கம் கொண்டுபோனார்கள் என்று கேள்விப்பட்டாளாம். நாங்கள் எல்லோரும் வவுனியா முகாம்களில் தேடிக்கொண்டிருந்தோம்.

அன்றிரவு கௌதமன் வீட்டுக்கு வந்தான். அவன் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். கோப்பு இலக்கம், பொருள், மேலதிகத் தகவல். யார், எங்கே, எந்த மாதம் கண்டார். எதை நேரில் கண்டார், எதைக் கேள்விப்பட்டார். முப்பது வருட லிகிதர் வேலையில் நான் எழுதிய மிகச் சிறந்த கடிதம் அது என்று எனக்கு ஒரு எண்ணம். கௌதமன் வாசித்துவிட்டு, "சூப்பர் அப்பா. ஆனா பிளீஸ் எண்ட சொல் ஒரு இடத்திலையும் இல்லை" என்றான். ஒரு இடத்தில் போட்டேன். அடுத்த நாள் அந்த நகர மையக் கந்தோருக்கு இருவருமாகக் கொண்டுபோய்க் கொடுத்தோம். அதே இளம் பெண். முகவரி இருந்த இடத்தைக் கண்டதும் அவளுக்கு எங்கள் கோப்பு நினைவுக்கு வந்துவிட்டது.

6

கௌதமனின் குமிழுக்கு நான் சொன்ன மறுமொழியை இன்னும் எழுதவில்லை. இடைக்கிடை இழுப்பவனுக்கு இந்த வசதிகள் தேவையா என்று ஊரில் யாருக்கும் கவலை இராது. ஆனாலும் கேள்வி என்றால் பதில் இருக்க வேண்டும்.

ட்ரெயிலர் பிரேக்கின் நெம்பு: விவாதமில்லை, வேண்டும். கமரா: வேண்டும். அதில் சேறு பிடித்த நாட்களில் கௌதமனுக்கு நான் பின்னால் நின்று கை காட்டுவேன். "வா, வா, வா, நில்" என்று சொல்லி முடிக்குமுன் கொழுக்கி என் முழங்காலில் நிற்கும். சுவே கொன்ரோல்: வேண்டும். ஆனால் அது இருக்கிறதென்று நினைத்து ஏற்றுபவனுக்கு அது இல்லாமல் இருப்பதே நல்லது.

குமிழ்தான் சிக்கல். ட்ரெயிலரோடு பின்னால் போகும்போது ஸ்ரியறிங்கை வலப்பக்கம் திருப்பினால் ட்ரெயிலர் இடப்பக்கம் போகும். நாள்தோறும் இழுப்பவனுக்கு அது கையிலேயே ஊறிவிடும். அவனுக்குக் குமிழ் எதற்கு? வருடத்தில் மூன்று முறை இழுப்பவன்தான் ஒவ்வொரு குளிர்காலத்திலும் அதை மறந்துபோகிறான். நாலு தரத்துக்கு ஒரு குமிழோ என்று நான் கேட்டது தலைகீழான கேள்வி. நாலு தரம் மட்டுமே என்பதால்தான் அவனுக்கு அது வேண்டும். நேற்றுப் போன் எடுத்து, வாங்கு என்றேன்.

"உங்களுக்குக் காய்ச்சலோ?" என்று கேட்டான்.

ஏற்றுவதற்கு மட்டும் இன்னும் ஒரு பொத்தானும் வரவில்லை. ஏற்றுபவர்கள் ஒருவரோடு ஒருவர் பேசிக்கொள்ளத்தான் வேண்டும்.

மிச்சத்தைச் சொல்லிவிடுகிறேன். அந்த இரண்டாவது கடிதத்துக்குப் பிறகு கோடை முடிந்தது. மேப்பிள் இலைகள் நிறம் மாறின. கௌதமன் ஞாயிறுகளில் வந்து, சாப்பிட்டு, ஒன்றும் கேட்காமல் போனான். ஒரு நாள் காலை தபாற்பெட்டியில் அந்தத் தொண்டு நிறுவனம் அனுப்பிய, ஒட்டப்படாத ஒற்றைத் தாள் ஒன்று இருந்தது. குடும்பச் செய்தி தவிர வேறொன்றும் எழுதக் கூடாது என்று அதன் மேல் அச்சிட்டிருந்தது. கீழே தயாவின் கையெழுத்து. அவன் எழுத்து எப்போதும் வலப்பக்கம் சரியும்.

'அண்ணை, நானும் தேவியும் பிள்ளையும் இருக்கிறம். பிள்ளை நடக்கத் தொடங்கியிட்டாள். அண்ணியைக் கேட்டதாகச் சொல்லுங்கோ. உங்கட மகன் இப்ப வளர்ந்திருப்பான். அவனுக்கு எங்களைத் தெரியாது, சொல்லி வையுங்கோ.'

பவளம் தாளை வாங்கி முகத்தோடு வைத்துக்கொண்டாள். நான் கௌதமனுக்குப் போன் எடுத்தேன். வேலை நேரம், பின்னால் லொறிகளின் சத்தம். நாலு வரியையும் வாசித்தேன். கடைசி வரியை அவன் மறுபடி வாசிக்கச் சொன்னான். வாசித்தேன்.

"எண்டைக்கு எழுதினது அப்பா?" என்று கேட்டான்.

"புரட்டாதியிலை. திகதி போட்டிருக்கிறான்."

"கிடைச்ச திகதியையும் எழுதுங்கோ. இப்பவே."

பேனையை எடுத்து, தாளின் மேல் மூலையில், கந்தோர் வழக்கப்படி எழுதினேன்: பெற்றது, 2009 ஒக்டோபர் 6, செவ்வாய்க்கிழமை.